"கணிநோயியல்" வேண்டாம், வேறு சொல் பார்ப்போம்

அன்புள்ள நண்பருக்கு,

திசுப் படங்களைக் கணினியில் ஆராய்ந்து நோய்க்குறியியல் மருத்துவருக்கு உதவும் முறைக்குக் "கணிநோயியல்" என்று பெயர் வைக்கலாம் என எழுதியிருந்தீர்கள். சுருக்கமான சொல்தான். வீட்டில் மகளிடம் சொல்லிப் பார்த்தேன். "கணினிக்கு வைரஸ் வந்தால் பார்க்கிற படிப்பா?" என்றாள். போதாக்குறைக்கு, கொக்கி போய்ப் புள்ளி விழுந்தால் அது கண்நோயியல் ஆகிவிடும்.

பெரிய குறை பொருளில் இருக்கிறது. நோயியல் என்பது ஓர் அறிவுத்துறை. கணினி செய்வது அதில் ஒரு சிறு வேலை. திசுத்துண்டை மெழுகில் பதித்து, மூன்று நான்கு மைக்ரான் தடிமனில் சீவி, ஹீமடாக்சிலின், இயோசின் சாயங்களை ஏற்றுகிறோம். உட்கருக்கள் நீலமாகவும் மற்றவை இளஞ்சிவப்பாகவும் தெரிகின்றன. அந்த ஸ்லைடை ஒரு படப்புள்ளிக்குக் கால் மைக்ரான் என்ற அளவில் ஸ்கேன் செய்தால், ஒன்றரை சென்டிமீட்டர் சதுரத் திசு பக்கத்துக்கு 60,000 புள்ளிகளாக விரிகிறது. மொத்தம் 360 கோடி. மென்பொருள் அதில் உட்கருக்களைப் பிரிக்கிறது, எண்ணுகிறது, வடிவம் கெட்டவற்றைச் சுட்டுகிறது. சாயம் ஓரிடத்தில் அடர்ந்தும் வேறிடத்தில் வெளிறியும் இருந்தால் தடுமாறவும் செய்கிறது. புற்றா இல்லையா என்று எழுதிக் கையெழுத்திடுபவர் மருத்துவர்.

அதனால் "கணிவழி நோயறிதல்" என்பதையும் நான் ஏற்க மாட்டேன். அறிவது கணினிதான் என்று அது சொல்லிவிடுகிறது. "நோய் நாடல்" அழகான சொல். ஆனால் சித்த மருத்துவக் கல்லூரிகளில் அது ஒரு பாடத்தின் பெயர். குடியிருப்பவரை எழுப்பிவிட்டு நாம் உள்ளே போவது முறையன்று.

நானும் முதலில் "திசுப்பட அலசல்" என்று குறித்து வைத்து, இரண்டே நாளில் அடித்துவிட்டேன். 1995-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஒப்புதல் பெற்ற பாப்நெட் என்ற கணினிக் கருவி பார்த்தது கருப்பைவாயிலிருந்து வழித்தெடுத்துப் பூசிய செல்களை. அது திசு அன்று. அலசல் இன்னும் மோசம்: பரிசோதனைக்கூடத்தில் அலசுவது என்றால் சாயம் ஏற்றிய ஸ்லைடைத் தண்ணீரில் கழுவுவது!

அந்தப் பாப்நெட், மனிதர் பார்த்துக் குறையில்லை என்று ஒதுக்கிய ஸ்லைடுகளைத் திரும்ப எடுத்து, ஸ்லைடுக்கு 128 ஐயப் படங்களைத் திரையில் காட்டியது. 2021-இல் அதே நிர்வாகம் அனுமதித்த, புராஸ்டேட் புற்றைத் தேடும் பெய்ஜ் புராஸ்டேட் மென்பொருள், ஐயம் மிகுந்த ஓர் இடத்தைச் சுட்டி, மருத்துவரை மறுபடி பார்க்கச் சொல்கிறது. நெதர்லாந்து ஆய்வாளர்கள் நடத்திய கேமலியன்16 என்ற நிரல்களின் போட்டியையும் நினைத்துப் பாருங்கள். மார்பகப் புற்று நிணநீர்க் கணுவுக்குப் பரவியிருக்கிறதா என்று 129 ஸ்லைடுகளில் தேடினார்கள். நேரக் கெடுவுக்குள் பார்த்த 11 மருத்துவர்களை மிகச் சிறந்த நிரல் முந்தியது. கெடு இல்லாமல் பொறுமையாகப் பார்த்த ஒரு மருத்துவர் ஏறக்குறைய அதற்கு ஈடாக நின்றார். அவசரத்திலும் அலுப்பிலும் இருக்கும் கண்ணுக்கு இன்னொரு கண் வேண்டும், அவ்வளவுதான்.

இதற்கு நோய்க்குறியியல் மருத்துவர்களான எங்களிடம் ஏற்கெனவே ஒரு பழக்கம் உண்டு. ஐயம் வந்தால் ஸ்லைடை அடுத்த மேசைக்கு நீட்டி, "நீங்களும் ஒரு பார்வை பாருங்கள்" என்போம். எனவே என் முன்மொழிவு: துணைப்பார்வை. விரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் கணினித் துணைப்பார்வை. "துணைப்பார்வையில் ஐயத்துக்குரிய இடம் ஒன்று" என்று அறிக்கையிலும் உறுத்தாமல் எழுதலாம்.

மறுமொழி, யாழ்ப்பாணத்திலிருந்து:

வணக்கம் டொக்டர். துணைப்பார்வை எனக்குப் பிடித்திருக்கிறது. நீங்கள் ஸ்லைடு என்பதை நாங்கள் வழுக்கி என்போம். திசு எங்களுக்கு இழையம். அங்கே சிலர் "கண்ணாடி வில்லை" என்று எழுதுகிறார்கள். அதைத் தயவுசெய்து கலைச்சொல் தொகுப்பில் சேர்க்க வேண்டாம். வில்லை என்றால் எங்கள் மாணவர்களுக்கு லென்ஸ். நுணுக்குக்காட்டிப் பாடத்தில் இரண்டும் ஒரே பக்கத்தில் வரும்.

ஆனால் ஒரு கேள்வி. 1998-இல், கருப்பைவாய்ச் செல்களைப் பார்க்கும் ஆட்டோபாப் கருவிக்குக் கிடைத்த அனுமதியின்படி, மனிதருக்கு முன்னரே அது வழுக்கிகளைப் பார்த்தது. நூற்றுக்கு 25 வரை மனிதக் கண் படாமலே ஒதுக்கவும் இடமிருந்தது. அங்கே யார் யாருக்குத் துணை?

மறுமொழிக்கு மறுமொழி:

சரியான இடத்தில் பிடித்துவிட்டீர்கள். அது துணைப்பார்வை அன்று. அதற்குத் தனிச்சொல் வேண்டும். "முன்சலிப்பு" என்றுதான் முதலில் வாயில் வந்தது. ஒரு நாளைக்கு நூறு ஸ்லைடு பார்த்துச் சலித்தவர்கள் சிரிப்பார்கள். "புடைத்தல்" என்றால் கட்டி, வீக்கம் என்று எங்கள் துறையே குழம்பும். இப்போதைக்கு "முன்வடிகட்டல்" என்று தனி வரியில் பதிகிறேன். மனிதர் பார்க்காமல் ஒதுக்கியது என்பது பெயரிலேயே தெரிய வேண்டும். அதைவிட நல்ல சொல் கிடைத்தால் எழுதுங்கள். வில்லையை நீக்கிவிட்டேன். ஸ்லைடும் வழுக்கியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும்.