ஆஸ்டகாரில் லோகெய்ன் பின்வாங்கியது: துரோகமா, போர்க்கணக்கா?

கோட்டைக்காவல் (கேள்வி):

டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ் (2009) வீடியோ கேம் பற்றிய கேள்வி. கதை முழுக்க வெளியாகும், ஆடி முடிக்காதவர்கள் இத்தோடு நின்றுகொள்ளுங்கள்.

லேண்ட்ஸ்மீட்டில் (நாட்டுப் பிரபுக்களின் சபை) ஒற்றைக்கு ஒற்றைச் சண்டையில் தளபதி லோகெய்ன் தோற்றுவிட்டார். வெட்டுவதா, மூத்த வார்டன் ரியோர்டன் சொல்வதுபோல் வார்டனாக (டார்க்ஸ்பான் என்ற அரக்கக் கூட்டத்தை எதிர்க்கும் படையணி) சேர்ப்பதா? அதற்கு முன் ஒன்று தெளிவாக வேண்டும். ஆஸ்டகார் கோட்டைப் போரில் கோபுரத்தில் எரிந்த சமிக்ஞைத் தீயைப் பார்த்த பிறகும் படையைத் திருப்பிக்கொண்டு போனது ஒரு தளபதியாகச் சரியா? மன்னரைக் காப்பாற்ற வழி இருந்ததா? "கெட்டவன், வெட்டு" மாதிரி பதில் வேண்டாம். ஆட்டத்தில் உள்ள ஆதாரத்தை வைத்துச் சொல்லுங்கள்.

பக்கவாட்டுப்படை:

அந்த ஒரு உத்தரவை மட்டும் தனியாக எடுத்தால் நான் லோகெய்ன் பக்கம்.

திட்டப்படி மன்னர் கெய்லனும் டங்கன் தலைமையிலான வார்டன்களும் முன்னால் நின்று டார்க்ஸ்பான் கூட்டத்தை இழுக்க வேண்டும். கூட்டம் வசமாகச் சிக்கியதும் இஷால் கோபுரத்தில் தீ. மறைந்திருக்கும் லோகெய்ன் பக்கவாட்டில் பாய வேண்டும். இது பலிக்க முன்வரிசை சிதறாமல் நிற்கணும், தீ நேரத்துக்கு எரியணும். இரண்டுமே நடக்கவில்லை. அந்தக் காட்சியை மறுபடி போட்டுப் பாருங்கள்: அம்பு விடுகிறார்கள், நாய்களை அவிழ்த்துவிடுகிறார்கள், உடனே மொத்தப் படையும் வரிசையைக் கலைத்துக்கொண்டு முன்னால் ஓடுகிறது. முதுகுக்குப் பின்னால் ஒரு கோட்டையே இருக்கும்போது, எண்ணிக்கையில் பெரிய எதிரியை நோக்கி எதற்காக ஓட வேண்டும்? நாமோ கோபுரத்தில் தளம் தளமாகச் சண்டை போட்டு ஏறி, உச்சியில் ஓகர் என்ற ராட்சதனைச் சாய்த்த பிறகுதான் தீ மூட்டுகிறோம். அதற்குள் முன்வரிசை நொறுங்கிவிட்டது. அந்த நேரத்தில் பக்கவாட்டில் இறங்கினால் மன்னர் படையோடு லோகெய்ன் படையும் போயிருக்கும். ஃபெரல்டன் நாட்டுக்கு மிச்சப் படையே இருந்திருக்காது.

கெய்லன் மேலும் பழி உண்டு. அவருடைய மாமன் ஈமனின் ரெட்கிளிஃப் படை ஒரு வாரத்துக்குள் வந்துவிடும் என்று டங்கன் சொல்கிறார், மன்னர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மன்னர் முன்வரிசைக்குப் போகவே கூடாது என்று ஆலோசனைக் கூட்டத்தில் வாதாடியதே லோகெய்ன்தான். கோபுரத் தீக்குப் பதில் மந்திரவாதிகள் இருக்கிறார்கள் என்று மந்திரவாதி உல்ட்ரெட் வாயெடுத்தபோது சான்ட்ரி (அந்த உலகத்தின் மதபீடம்) அம்மையார் அடக்கிவிட்டார். ஒரே ஒரு சமிக்ஞையை நம்பிப் போர் நடந்தது அப்படித்தான்.

மறுபக்கம்:

இவ்வளவும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த உத்தரவைத் தனியாக எடுக்க முடியாது என்பதுதான் என் வாதம்.

போருக்கு முன் முகாமில் சுற்றும்போது இஷால் கோபுரத்துக் காவலனிடம் பேசுங்கள். உள்ளே விடமாட்டான். கோபுரத்துக்கு அடியில் நிலவறைகளை லோகெய்னின் ஆட்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்பான். பிறகு டார்க்ஸ்பான் மேலே வந்தது அந்த அடித்தளத்தின் வழியாகத்தான். வேண்டுமென்றே திறந்துவிட்டார் என்று நான் சொல்லவில்லை, அதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் மொத்தத் திட்டமும் தொங்கிக்கொண்டிருந்த கோபுரம் அது. அடியில் ஓட்டை இருப்பது தெரிந்தும் காவலைப் பலப்படுத்தாதது அவர் பொறுப்பு. "தீ தாமதமானது" என்ற சாக்கு அவருக்குப் பொருந்தாது.

அடுத்தது விஷம். ஆஸ்டகார் முடிந்து நேராக லோதரிங் ஊருக்குப் போனால், சான்ட்ரிக் கோயிலில் ஈமனின் வீரர் சர் டோனல் நிற்பார். ஈமன் நோயில் கிடக்கிறார், புனிதச் சாம்பலைத் தேடி வீரர்கள் கிளம்பிவிட்டோம் என்பார். அப்படியென்றால் ஜோவன் என்ற மந்திரவாதியை வைத்து லோகெய்ன் ஈமனுக்கு விஷம் கொடுத்தது தோல்விக்குப் பின் தோன்றிய யோசனை இல்லை. மன்னரின் மாமனைப் படுக்கையில் தள்ளிவிட்டுப் போருக்கு வந்தவர், களத்தில் கடைசி நொடியில் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் திரும்பினார் என்று எப்படி நம்புவது?

போருக்குப் பிறகு செய்ததில் ராணுவக் கணக்கே கிடையாது. வார்டன்கள் மேல் பழி போட்டார், அண்டை நாடான ஆர்லேயிலிருந்து வந்த வார்டன்களை எல்லையிலேயே திருப்பினார், தலைநகர் டெனரிமின் ஏலியனேஜில் (எல்ஃப் இனத்தவரின் சேரி) இருந்த எல்ஃப்களை டெவின்டர் நாட்டு அடிமை வியாபாரிகளுக்கு விற்றார். டார்க்ஸ்பான்களை நடத்தும் ஆர்ச்டீமனை வார்டன் மட்டுமே கொல்ல முடிவதன் காரணம் வெளியாருக்குத் தெரியாது, சரி. ஆனால் முந்தைய நான்கு பிளைட்டையும் (டார்க்ஸ்பான் படையெடுப்பு) முடித்தது வார்டன்கள் என்பது அந்த உலகத்தில் ஊரறிந்த வரலாறு.

கோட்டைக்காவல்:

டோனல் விஷயத்தை நான் கவனிக்கவே இல்லை, நல்ல பிடி. ஆர்லே மேல் லோகெய்னுக்கு இருந்த பயம் வெறும் பிரமையா?

பக்கவாட்டுப்படை:

முழுக்கப் பிரமை இல்லை. ரிட்டர்ன் டு ஆஸ்டகார் டிஎல்சியில் (ஆட்டத்தின் கூடுதல் பகுதி) மன்னரின் பெட்டியைத் திறந்தால் கடிதங்கள் கிடைக்கும். மன்னரின் மனைவியும் லோகெய்னின் மகளுமான அனோராவை விலக்கிவிடச் சொல்லி ஈமன் எழுதியது ஒன்று. ஆர்லே பேரரசி செலீனிடமிருந்து வந்ததும் உண்டு, அதிலும் ஒன்றின் தொனி அரசாங்கக் கடிதம் மாதிரியே இருக்காது. லோகெய்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் படித்தால் அவர் பேசுவதையும் கேட்கலாம். ஆனால் மகளுக்காகக் கோபப்பட்டது, நாட்டுக்காகப் பயந்தது இரண்டையும் அவர் எப்போதும் ஒன்றாகவே கலந்து பேசுவார், கவனியுங்கள்.

கேடயவரிசை:

நியாயத்தை அவங்க பேசிட்டாங்க, நான் நடைமுறையைச் சொல்றேன்.

இப்போ அவரைச் சேர்த்தா மன்னர் வம்சத்து வார்டன் அலிஸ்டர் நம்ம குழுவை விட்டுப் போயிடுவான், பிறகு எவ்வளவு பேசினாலும் திரும்ப மாட்டான். முன்னாடியே அவன் மனசை உறுதிப்படுத்தி, அனோராவோட கல்யாணம் பேசி வச்சிருந்தா அரசனாவது ஆவான். இல்லேன்னா அனோரா அவனைக் கொல்லணும்னு நிப்பா, நீங்கதான் தடுக்கணும். சண்டைக்கே அலிஸ்டரை இறக்கிவிட்டிருந்தா இந்தக் கேள்வியே வராது, அவனே வெட்டிடுவான்.

சேர்த்தா கேடயம் பிடிக்கிற, சாம்பியன் தகுதியுள்ள வீரர் ஒருத்தர் கிடைப்பார். கடைசியில ஆர்ச்டீமன் மேல இறுதி அடியை அவரையே போட விடலாம், சூனியக்காரி மாரிகனோட, வார்டன் உயிரைக் காக்கிற சடங்கு நடக்கலேன்னா அதுலயே செத்துப் போவார். சடங்கையும் அவரை வச்சே முடிக்கலாம். உயிரோட விட்டா டிராகன் ஏஜ்: இன்க்விசிஷன் ஆட்டத்துல (2014) வார்டனா திரும்ப வருவார்.

லேண்ட்ஸ்மீட்டை மறுபடி ஆடுறதா இருந்தா லோகெய்னோட கூட்டாளி ஹவ்வோட நிலவறையில அடைபட்டிருக்கிற ஆஸ்வினை விடுவிங்க, அங்கேயே இருக்கிற இர்மின்ரிக்கிட்ட மோதிரத்தை வாங்குங்க. நாட் நோபிள் விடுதியில இருக்கிற ஆஸ்வினோட அப்பா சிகார்ட், இர்மின்ரிக்கோட சகோதரி அல்ஃப்ஸ்டானா ரெண்டு பேர்கிட்டயும் போய்ப் பேசாம சபைக்குள்ள நுழையாதீங்க. அடிமை வியாபாரப் பத்திரத்தையும் ஏலியனேஜ்ல எடுத்து வச்சுக்கங்க. வாக்குல தோத்தா சபையிலயே கைகலப்பு, அதைச் சமாளிச்சாதான் ஒற்றைச் சண்டை. சபை வாசல்ல லோகெய்னோட துணைத் தளபதி காத்ரியன் நிப்பா, ஆஸ்டகார்ல பின்வாங்கச் சொன்னதும் "மன்னர் என்ன ஆவார்"னு கேட்டவளே அவதான். பேச்சுத்திறமை நல்லா இருந்தா வாளே எடுக்காம வழிவிடுவா. ஹவ் மாளிகையிலயே அவளைக் கொன்னுட்டீங்கன்னா அந்த உரையாடல் கிடைக்காது.