எடுத்து வளர்க்கப்பட்ட கவிஞர்கள் பற்றி ஒரு உரை: தமிழில ஆரைச் சேர்க்கலாம்?

தண்ணீரூற்று வாசகி
வணக்கம். முள்ளியவளையில எங்கட வாசிப்பு வட்டத்துக்கு ஒரு மணித்தியால உரை செய்யோணும். தத்துக் குடுக்கப்பட்டு வளர்ந்த அனுபவம் கவிதையை என்ன செய்யுது எண்டதுதான் பொருள். பிரித்தானியக் கவிஞர்கள் ஜாக்கி கே, லெம் சிசே ரெண்டு பேரையும் எடுத்திருக்கிறன். தமிழில ஆர் இருக்கினம்? கடைசியில பிள்ளையளுக்கு ஒரு எழுத்துப் பயிற்சியும் வேணும்.

பாலையடி
அக்கா, ரெண்டு பேரையும் ஒரே கூடைக்குள்ள போடாதேங்கோ. 1967இல பிறந்த சிசே தத்துப்பிள்ளை இல்லை. வளர்ப்புக் குடும்பம் ஒண்டு 12 வயதில அவரைத் திருப்பி அனுப்ப, பிறகு சிறுவர் இல்லங்களில வளர்ந்தவர். நோமன் எண்டு கூப்பிடப்பட்டவருக்குச் சொந்தப் பேர் லெம் எண்டது பிந்தித்தான் தெரிய வந்தது. அதாலதான் அவற்ற எழுத்தில பேரும், அதிகாரியள் அவரைப் பற்றி வைச்சிருந்த கோப்பும் திரும்பத் திரும்ப வருது. 1961இல எடின்பரோவில பிறந்த கேயைத் தத்தெடுத்தவை கடைசிவரை வளர்த்தவை. அவவின்ர 1991ஆம் ஆண்டுத் தொகுப்பில மகள், வளர்த்த தாய், பெத்த தாய் மூண்டு பேரும் பேசினம், ஆளுக்கொரு அச்செழுத்தில. ஆர் உண்மையான தாய் எண்டு கவிதை தீர்ப்புச் சொல்லாது.

நந்திக்கடல்
அந்த மூண்டு குரலும் ஆழ்வார் பாட்டில இருக்கு. பிள்ளையின்ர குரல் ஆண்டாள். அவவைப் பெரியாழ்வார் துளசியடியில கண்டெடுத்த கதை, வைணவ ஆசிரியர்களின்ர வரலாறான குருபரம்பரை சொல்றது. ஆனா "பட்டர்பிரான் கோதை" எண்டு வளர்த்தவற்ற பேரோட (பட்டர்பிரான் எண்டது பெரியாழ்வார்) கையெழுத்து வைச்சது ஆண்டாளேதான். "ஒருத்தி மகனாய்ப் பிறந்து ஓரிரவில் ஒருத்தி மகனாய் ஒளித்து வளர" எண்ட அடியைப் பாருங்கோ. தேவகியும் இல்லை, யசோதையும் இல்லை. ரெண்டு பேரும் "ஒருத்தி". ஒரே சொல்லால ரெண்டு தாயையும் சமமா நிறுத்திறா.

வளர்த்தவை பக்கம் பெரியாழ்வார்: "ஒரு மகள் தன்னை உடையேன்".

பெத்தவளுக்குக் குலசேகராழ்வாரின்ர தேவகி புலம்பல். இதுக்குக் கூட நேரம் ஒதுக்குங்கோ. "தாலோ, தாலோ" எண்டு தாலாட்டுப் போகுது. பாட்டு முடியேக்கதான் அப்பிடித் தாலாட்டக் குடுத்து வைக்காத "தாயரிற் கடையாயின தாயே" நான் எண்டு வருது. பாடக் கிடைக்காத தாலாட்டை நாங்கள் கேட்டு முடிச்சிட்டம். இதை வாய்விட்டுப் படிச்சாத்தான் பிடிபடும்.

மல்லாவி ரீச்சர்
பயிற்சிக்கு வாறன். "உங்கட கதையை எழுதுங்கோ" எண்டு மட்டும் சொல்லாதேங்கோ தங்கச்சி. 2009க்குப் பிறகு இஞ்ச எத்தனையோ பிள்ளையள் அம்மம்மாவோட, சித்தியோட, இல்லங்களில வளர்ந்ததுகள். கர்ணனையோ, பசு பாலூட்டின ஆபுத்திரனையோ, தேவகியையோ குடுங்கோ. எழுதினதை வாசிச்சுக் காட்ட விருப்பமில்லாட்டி மடிச்சு வைக்கட்டும்.

ஒரு பொருளைத் தெரிவு செய்யட்டும்: சீப்பு, நுளம்புவலை, பால்போத்தல். வளர்த்தவள், பெத்தவள், பிள்ளை எண்டு மூண்டு குரல்; குரலுக்கு 4 வரி, 10 நிமிசம். மூண்டுக்கும் 12 வரி. வழமையாப் பிழைக்கிற இடம், மூண்டு பேரும் ஒரே ஆள் மாதிரிக் கதைக்கிறது. வினைச்சொல்லைப் பிரிச்சுக் குடுத்தாச் சரிவரும். வளர்த்தவளுக்கு அண்டாடம் செய்யிற வேலை: "சிக்கெடுக்கிறன்". பெத்தவளுக்கு எதிர்மறை மட்டும்: "சிக்கெடுக்கேல்லை, பேன் பாக்கேல்லை". தேவகி அப்பிடித்தானே பாடுறா. பிள்ளைக்குக் கேள்வி மட்டும்.

"அம்மா" எண்ட சொல் 12 வரியில ஒருக்காத்தான் வரலாம். ஆரை நோக்கி வருது எண்டதைப் பிள்ளை தீர்மானிக்கட்டும். வளர்த்தவைக்கு நன்றி சொல்லி முடிச்சிருந்தா அந்தக் கடைசி ரெண்டு வரியை வெட்டிப் பாக்கச் சொல்லுங்கோ; பெரும்பாலும் அதுக்கு முந்தின வரியிலேயே கவிதை முடிஞ்சிருக்கும்.

தண்ணீரூற்று வாசகி
நன்றி ரீச்சர், நன்றி எல்லாருக்கும். பயிற்சிக்கே 30 நிமிசம் போகும். அப்ப சிசேயை இன்னொரு நாளைக்கு வைச்சிட்டு, தேவகியில தொடங்கிக் கேயில முடிக்கிறன்.