1.8 விநாடிக்கு ஒரு ‘டக்’: இசைத்தட்டுப் பதிவுகளைக் காதாலேயே சுத்தம் செய்கிறவர்களின் அனுபவங்கள்

பழந்தட்டு:

எனக்குப் பார்வை இல்லை. கம்ப்யூட்டரில் திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் என்விடிஏ, ஒலி வேலைக்கு ஆடாசிட்டி என்ற மென்பொருள், கையில் கீபோர்டு மட்டும். அப்பா சேர்த்து வைத்த எல்பி தட்டுகளை ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றி, கீறல் சத்தங்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், நீங்களும் சொல்லுங்கள்.

முதல் தட்டிலேயே குழப்பம். பதிவைப் போட்டுக் கேட்டால் பாட்டு திடீர் திடீரென்று அமுங்குகிறது, மறுபடி எழும்புகிறது. ஊசி தேய்ந்துவிட்டதோ, கேபிள் சரியில்லையோ என்று இரண்டு நாள் தேடினேன். தான் பேசும்போது மற்ற ஒலிகளைத் தணித்துவிடும் வசதி என்விடிஏவில் இருக்கிறது. அது ஆன் ஆகியிருந்தது. என்விடிஏ விசையோடு ஷிஃப்ட், டி சேர்த்து, தணிக்க வேண்டாம் என்ற நிலை வரும்வரை அழுத்தினேன். பாட்டு சரியாகிவிட்டது. பதிவான கோப்பில் எந்தச் சேதமும் இல்லை, என் காதுக்கு வந்ததுதான் ஏறி இறங்கியிருக்கிறது. அன்றிலிருந்து என்விடிஏவின் குரலைத் தனி சவுண்ட் கார்டு வழியாகச் சின்ன ஸ்பீக்கருக்கு அனுப்பிவிட்டு, பாட்டை மட்டும் ஹெட்போனில் கேட்கிறேன். கீறல் சத்தம் வரும் நொடியில் குரல் குறுக்கே வந்தால் அந்த இடம் தப்பிவிடும்.

லெவல் பார்ப்பது அடுத்த பிரச்சினை. மீட்டரில் சிவப்பு தெரிகிறதா என்று நாம் பார்க்க முடியாது. நான் செய்வது இதுதான்: தட்டில் சத்தம் அதிகமுள்ள இடத்தை ஒரு நிமிடம் பதிவு செய்து, முழுவதையும் தேர்வு செய்து, ஒலியளவைக் கூட்டும் ஆம்ப்ளிஃபை எஃபெக்டைத் திறப்பேன். அது தானாக ஒரு எண் காட்டும். 6 என்று என்விடிஏ வாசித்தால் உச்சம் −6 டெசிபலில் இருக்கிறது. 0 என்றால் ஒலி மேலே முட்டிவிட்டது, பதிவு அளவைக் குறைக்க வேண்டும். எண்ணைக் கேட்டதும் எஸ்கேப். எஃபெக்டைப் போட வேண்டியதில்லை, அந்த எண் போதும்.

அப்புறம் கீறல். எல்பி நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. தட்டின் குறுக்கே ஒரு கீறல் இருந்தால் ஊசி ஒவ்வொரு சுற்றிலும் அதைத் தாண்டும். ஆக 1.8 விநாடிக்கு ஒரு ‘டக்’. இது புரிந்த நாளில் எனக்கு வேலையே மாறிவிட்டது. முதல் ‘டக்’ 2 நிமிடம் 14.35 விநாடியில் இருந்தால் அடுத்தது 16.15-இல், அதற்கடுத்தது 17.95-இல். கண்ட்ரோல் எஃப்6 அழுத்தித் தேர்வுப் பட்டைக்குப் போய் நேரத்தை டைப் செய்தால் கர்சர் நேராக அங்கே நிற்கும். தேட வேண்டியதே இல்லை.

ஆனால் முதல் ‘டக்’கைத் துல்லியமாகப் பிடித்தாக வேண்டும். ஷிஃப்ட் எஃப்5 அழுத்தினால் கர்சருக்கு முந்தைய இரண்டு விநாடி ஒலிக்கும், ஷிஃப்ட் எஃப்6 பிந்தைய ஒரு விநாடி. எந்தப் பக்கம் கேட்கிறதோ அந்தப் பகுதியைத் தேர்வு செய்து பாதியாக்குவேன். எந்தப் பாதியில் கேட்கிறது? அதை மறுபடி பாதி. ஒன்பது, பத்து முறை செய்தால் மூன்று மில்லிவிநாடிக்குள் வந்துவிடலாம். சேதமான துண்டைச் சரிசெய்யும் ரிப்பேர் எஃபெக்ட் அதிகபட்சம் 128 சாம்பிளைத்தான் (ஒலியை அளந்தெடுத்த புள்ளிகளைத்தான்) ஏற்கும்; விநாடிக்கு 44,100 சாம்பிள் வேகத்தில் அது கிட்டத்தட்ட 2.9 மில்லிவிநாடி. தேர்ந்த இடத்தை அது இரு பக்கத்து ஒலியையும் வைத்து நிரப்பிவிடும், பாட்டின் நேரம் ஒரு சாம்பிள்கூட குறையாது.

இன்னொன்று. ‘ஜூம் பார்வை உள்ளவர்களுக்குத்தானே’ என்று ரொம்ப நாள் அதைத் தொடாமலே இருந்தேன். நமக்கும் வேண்டும். அம்புக்குறியை ஒருமுறை அழுத்தினால் கர்சர் திரையில் ஒரு புள்ளி நகர்கிறது. ஜூமைக் கூட்டினால் அந்தப் புள்ளிக்குரிய நேரம் சின்னதாகிவிடும். கண்ட்ரோல் 1 அழுத்த அழுத்தக் கர்சரின் அடி சின்னதாகிக்கொண்டே போகும்.

மெட்டுக்காரி:

அண்ணா, அந்தப் பாதி பாதி முறையை நேற்று செய்து பார்த்தேன், பிடித்துவிட்டது. கையாலேயே எடுக்க நேரமில்லாத தட்டுகளுக்கு கீறல் சத்தங்களைத் தானாகத் தேடி எடுக்கும் கிளிக் ரிமூவல் எஃபெக்டை நான் போடுவேன். அதில் ஒரு ஆபத்து உண்டு. டிரம்ஸ் அடியும் டிரம்பெட்டின் கூர்மையான ஒலியும்கூட அதற்குக் கீறல் மாதிரிதான் தெரியும். ஒரு தட்டை முழுக்கச் சுத்தம் செய்து, அசலையும் அழித்துவிட்டேன். ஒரு வாரம் கழித்து நல்ல ஹெட்போனில் கேட்டபோது டிரம்ஸ் எல்லாம் மொட்டையாக இருந்தது. அந்தத் தட்டை முதலிலிருந்து மறுபடி ஓட்டவேண்டி வந்தது.

இப்போது இப்படிச் செய்கிறேன். கண்ட்ரோல் டி அழுத்தி அதே ஒலியை இன்னொரு டிராக்காக நகல் எடுப்பேன். ஒன்றுக்குக் கிளிக் ரிமூவல், இன்னொன்றுக்கு ஒலி அலையைத் தலைகீழாக்கும் இன்வெர்ட். இரண்டையும் சேர்த்து ஓட்டினால் பொதுவாக உள்ளது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும், எஃபெக்ட் எதை எடுத்ததோ அது மட்டும் கேட்கும். வெறும் டக், பட், சரசர என்று கேட்டால் சரி. நடுவில் தாளம் புரிகிறது, மெட்டு லேசாக வருகிறது என்றால் பாட்டையே எடுத்திருக்கிறோம், அளவைக் குறைக்க வேண்டும். அலைவடிவம் எப்படித் தெரிகிறது என்று யாரையும் கேட்கத் தேவையில்லை.

நாய்ஸ் ரிடக்‌ஷனில் இதற்கு, எடுக்கப்படுவதை மட்டும் ஒலிக்கவிடும் ரெசிட்யூ என்று தனித் தேர்வே இருக்கிறது. இரைச்சல் மாதிரியை ஊசி இறங்கி, பாட்டு தொடங்கும் முன் வரும் இடத்திலிருந்து எடுங்கள். பாட்டின் ஒரு துளிகூட அதில் சேரக்கூடாது.

செவிவழி:

நான் பள்ளிப் பருவத்திலிருந்து ஜாஸ் என்ற இன்னொரு திரைவாசிப்பான் பயன்படுத்துகிறேன். பாட்டுகளைப் பிரிக்க, ஓடிக்கொண்டிருக்கும்போதே கண்ட்ரோல் எம் அழுத்தி லேபிள் வைத்து, பாட்டின் பெயரை அடித்து என்டர். அந்தப் பெயர்களே ஏற்றுமதியில் கோப்புப் பெயர்களாகிவிடும். கை எப்போதும் கொஞ்சம் பிந்தும், அதனால் பின்னர் ஒவ்வொரு லேபிளையும் சரிபார்த்துவிடுங்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. பழந்தட்டு அண்ணா சொன்ன 1.8 என் தட்டில் பொருந்தவில்லை. கணக்குப் போட்டு டைப் செய்தால் நாலாவது ‘டக்’கிலேயே தள்ளிப் போகிறது. முதல் ‘டக்’கிலிருந்து பதினோராவது வரை அளந்தேன். பத்துச் சுற்றுக்கு 18 விநாடி வரவேண்டிய இடத்தில் 17.9 வந்தது. நான் எங்கே தப்பு செய்கிறேன்?

பழந்தட்டு:

தப்பு உங்களிடம் இல்லை தம்பி, டர்ன்டேபிளில். அது கொஞ்சம் வேகமாகச் சுற்றியிருக்கிறது, அரை சதவீதத்துக்குச் சற்று மேல். உங்கள் தட்டுக்கு 1.8-க்குப் பதில் 1.79 என்று வைத்துக்கொள்ளுங்கள். கீறல்களை எல்லாம் எடுத்தபின் வேகத்தை மாற்றும் சேஞ்ச் ஸ்பீடு எஃபெக்டில் −0.56 சதவீதம் கொடுத்தால் பாட்டின் சுருதியும் அசல் இடத்துக்கு இறங்கிவிடும். கீறல் சாய்வாக இருந்தாலும் சில மில்லிவிநாடி நகரும், ஆனால் பத்துச் சுற்றில் 0.1 விநாடி நகராது. எனக்கும் இது தோன்றியதில்லை, கீறலை வைத்தே வேகத்தை அளந்துவிட்டீர்கள்! 45 தட்டென்றால் சுற்றுக்கு 1.33 விநாடி, 78 தட்டென்றால் 0.77. ‘டக்’ எவ்வளவு நெருக்கமாக வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

மெட்டுக்காரி, நீங்கள் சொன்ன இன்வெர்ட் சோதனையை இன்று காலை என் தட்டில் செய்தேன். கிளிக் ரிமூவலை நடுத்தரமாகத்தான் வைத்திருந்தேன். டக், டக், டக் என்று வந்துகொண்டிருந்த இடத்தில், இரண்டாம் சரணத்துக்கு முன் மெல்லிய ‘ஹ்’ என்று ஒன்று கேட்டது. திரும்பத் திரும்பப் போட்டேன். பாடகர் மூச்சை இழுக்கும் ஓசை. அதன் தொடக்கத்தை எஃபெக்ட் கீறல் என்று நினைத்து எடுத்திருக்கிறது. சின்ன வயதில் இந்தப் பாட்டை நூறு தடவையாவது கேட்டிருப்பேன், அந்த மூச்சை அப்போது கேட்டதே இல்லை. கீறல் அதன்மேல் விழுந்து மூடியிருந்தது.

கண்ட்ரோல் இசட் போட்டுவிட்டேன். அந்த இடத்திலிருக்கும் மூன்று ‘டக்’கையும் கையால் எடுக்கப் போகிறேன். ஒன்று முடிந்தது, இரண்டு பாக்கி.