புதுப்பிப்பு: கைத்துப்பாக்கியோடு மெய்ன் வரை

பென்சில்வேனியாவிலிருந்து மெய்ன் மாநிலத்துக்குக் காரில் போகும்போது சொந்தக் கைத்துப்பாக்கியை நியூயார்க் வழியாகக் கொண்டுபோகலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். போய்ச் சேர்ந்துவிட்டோம், சிக்கல் எதுவும் இல்லை.

1986ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டம்தான் துணை. புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் துப்பாக்கியை வைத்திருக்கவும் எடுத்துச்செல்லவும் உரிமை இருந்தால் நடுவில் உள்ள மாநிலங்களைக் கடக்கலாம். குண்டு நிரப்பியிருக்கக் கூடாது. துப்பாக்கியோ குண்டோ கைக்கு எட்டக் கூடாது. எங்களுடையது எஸ்யூவி, தனி டிக்கி கிடையாது. அதனால் பூட்டிய பெட்டி கட்டாயம். டேஷ்போர்டு அறையைப் பூட்டி வைத்தாலும் செல்லாது. துப்பாக்கி ஒரு இரும்புப் பெட்டியில், குண்டுகள் வேறொன்றில், இரண்டும் பின்கோடியில் சூட்கேஸ்களுக்கு அடியில். 10 குண்டுக்கு மேல் கொள்ளும் மேகசினை (துப்பாக்கியில் செருகும் குண்டுக் கூட்டை) வீட்டிலேயே வைத்துவிட்டேன். நியூயார்க்கில் அதற்குத் தடை, இந்தச் சட்டமோ மேகசினைப் பற்றிப் பேசவே இல்லை.

நடுவழியில் இரவு தங்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். தயவுசெய்து வேண்டாம். விமானத்தைத் தவறவிட்டு நியூ ஜெர்சி ஓட்டலில் தங்கிய யூட்டாக்காரர் ஒருவர் மறுநாள் கைதானார். இரவில் துப்பாக்கி இருந்த பை அவர் கைக்கு எட்டும்படி இருந்ததால் இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை என்று 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாங்கள் பெட்ரோலுக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும்தான் நிறுத்தினோம். திரும்பும்போதும் அப்படியேதான் வரப்போகிறோம்.