புதுப்பிப்பு: அவசர வழிக் கதவுக்கு எந்தப் பூட்டு?

எங்கள் துணிக்கடையின் இரண்டாம் மாடி அவசர வழிக் கதவுக்குக் கைப்பிடிப் பூட்டு போதுமா, பேனிக் பார் (கதவின் குறுக்கே இருக்கும், தள்ளினால் தாழ் திறக்கும் கம்பி) வேண்டுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பேனிக் பாரே போட்டாயிற்று. கைப்பிடி வகைக்கான ஐரோப்பியத் தரம் ஈஎன் 179, கதவைப் பழகியவர்களுக்கானது. துணி எடுக்க வருபவர்கள் அந்தக் கதவைத் தொட்டதே இல்லை. கூட்டம் நெருக்கும்போது கைப்பிடியைத் தேடித் திருப்ப முடியுமா? உடம்பால் தள்ளினாலே திறக்க வேண்டும். அதற்கானது பேனிக் பார் வகைக்கான தரம், ஈஎன் 1125.

பாரை அழுத்திய நிலையிலேயே நிறுத்தி, தாழ் விழாமல் வைக்கும் வசதி வேண்டாம் என்றேன். தீத்தடுப்புக் கதவு சாத்தியதும் தாழ் விழ வேண்டும். இல்லாவிட்டால் புகை படிக்கட்டுக்குப் போய்விடும்.

இரட்டைக் கதவு என்பதால் மேலும் கீழும் கம்பித் தாழ். கீழ்க்குழியில் தூசி சேர்ந்து ஒருமுறை தாழ் சரியாக விழவில்லை. இப்போது வாராவாரம் துடைக்கிறோம். அப்புறம், கதவின் முன் அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகளை நானே நின்று அப்புறப்படுத்தினேன்.