நிஞ்சா வோரியர், சசுக்கே: பார்க்கத் தொடங்கினால் எழும்ப முடியாமல் இருப்பது ஏன்?

புதுக்குடியிருப்பான்:
வணக்கம். எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு முடிந்ததும் யூரியூப்பை ரீவியில் போட்டு, தண்ணீருக்கு மேலே தொங்கியும் ஏறியும் கடக்கிற தடைதாண்டல் போட்டி பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அமெரிக்கன் நிஞ்சா வோரியர், யப்பானின் சசுக்கே, இரண்டும்தான். கிரிக்கெட் என்றால் எழும்பிப் போய்விடும் அம்மம்மா இதற்கு மட்டும் கதிரையை இழுத்துப் போட்டு முன்னுக்கு இருக்கிறா. ஆங்கிலமும் தெரியாது, யப்பான் பாஷையும் தெரியாது, ஆனால் ஒருவர் கம்பில் தொங்கினால் அவவின் விரல்களும் கதிரைக் கையை இறுக்குகின்றன, விழுந்தால் "ஐயோ பிள்ளை" என்று வாய்விட்டுச் சொல்லுறா. ஓடுகிறவர் எங்கள் ஊரும் இல்லை, எங்கள் நாடும் இல்லை. பிறகு எது இப்படி இழுக்கிறது? உங்கள் வீடுகளிலும் இப்படியா?

முல்லைக்கரை:
தம்பி, இதில் எதிராளி மனிசன் இல்லை, தடைதான். அதனால்தான் ஓடி முடித்தவர் பக்கத்தில் நின்று அடுத்தவருக்குத் தொண்டை கிழியக் கத்தி வழி சொல்கிறார். வேறு எந்தப் போட்டியில் இதைப் பார்க்கலாம்? சசுக்கே 1997 இல் தொடங்கியது. 100 பேர், நான்கு கட்டம், பெரும்பாலும் ஒருவரும் கடைசி வரை போவதில்லை, வெற்றியாளர் இல்லாமலே நிகழ்ச்சி முடிந்துவிடும். 2020 வரை நான்கே பேர்தான் முழுதாக முடித்தவர்கள். 1999 இல் முதலில் முடித்த அகியாமா முன்பு நண்டு பிடித்தவர், 2006 இல் முடித்த நகானோ மீன்பிடிப் படகு ஓட்டியவர், அதற்குப் பிறகு இரண்டு தரம் முடித்த உருஷிஹாரா சப்பாத்து விற்றவர். கரைவலை இழுக்கிற குடும்பத்தில் பிறந்தவன் நான். முதல் இரண்டு பேரும் கடற்றொழில் செய்தவர்கள் என்று அறிந்தபோது எனக்கு வந்த சந்தோசம் சொல்ல முடியாது.

மல்லாவி ரீச்சர்:
அண்ணை சொல்வது பாதிதான் சரி. தடை முக்கியம், ஆனால் ஆர் தாண்டுகிறார் என்பதும் முக்கியம். 2014 இல் அமெரிக்க நிகழ்ச்சியில், டல்லாஸில் கேசி கட்டன்சாரோ என்ற பெண் ஓடியதைத் தேடிப் பாருங்கள். ஐந்தடி உயரம்தான், சுவரோ 14 அடி, கீழே வளைந்து மேலே நிமிர்ந்து நிற்கும். ஓடி வரும் வேகத்திலேயே பாதம் சுவரில் ஏற வேண்டும், உடம்பை அவசரப்பட்டு முன்னுக்குச் சாய்த்தால் கால் வழுக்கும், கடைசி அடியில்தான் கை மேலே போக வேண்டும். அவருடைய விரல்கள் விளிம்பைப் பிடித்த கணத்தில் அங்கிருந்த கூட்டம் முழுக்கத் துள்ளியது. அந்தச் சுவரை ஏறிய முதல் பெண் அவர்தான். வகுப்பில் போட்டுக் காட்டினேன், பெண் பிள்ளைகள் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்கள். அமெரிக்க நிகழ்ச்சியில் ஓடுகிறவரின் குடும்பக் கதையை நீட்டி முழக்குவார்கள் என்று பலருக்கும் எரிச்சல், எனக்கு அது வேண்டும். யாருக்காக ஓடுகிறார் என்று தெரிந்தால் நெஞ்சு கூடுதலாக அடிக்கும்.

ஒட்டுசுட்டான் காற்று:
எதிராளி மனிசன் இல்லை என்றால் 2015 ஐ என்ன செய்வது? அந்த வருடம்தான் அமெரிக்காவில் முதன்முதலாக இரண்டு பேர் எல்லாக் கட்டத்தையும் முடித்தார்கள். கடைசியில் 75 அடிக் கயிறு, 30 செக்கனுக்குள் ஏற வேண்டும். முதலில் ஜெஃப் பிரிட்டன் ஏறி முடித்தார், பிறகு வந்த ஐசக் கல்டியேரோ அவரைவிட மூன்று செக்கனுக்குக் கொஞ்சம் கூட முந்தினார். பத்து லட்சம் டொலரும் கல்டியேரோவுக்கே, பிரிட்டனுக்குப் பரிசுப் பணம் ஒரு சதமும் இல்லை. எனக்கு இன்றைக்கும் அது அநியாயமாகத்தான் படுகிறது.

அம்மம்மாவின் கதைக்கு வருகிறேன். காலோ கையோ தண்ணீரில் பட்டால் முடிந்தது, நேரக்கணக்கைத் தவிரச் சட்டம் அவ்வளவுதான். நடுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை, ஒருவரும் விளங்கப்படுத்தவும் தேவையில்லை. அப்புறம், நாங்கள் எல்லோரும் சின்ன வயதில் மரத்தில் தொங்கியவர்கள், விரல் எந்த இடத்தில் கழலத் தொடங்கும் என்று உடம்புக்கே தெரியும். சித்திரைப் புத்தாண்டு விளையாட்டில் வழுக்கு மரம் ஏறும்போது சனம் முழுக்க அண்ணாந்து நிற்பதும் இதற்காகத்தான். ஏறுகிறவன் அரையடி சறுக்கினால் கீழே நிற்கிற கிழவர்கூட மூச்சைப் பிடிப்பார்.

மல்லாவி ரீச்சர்:
இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2028 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஒருவரே ஐந்து விளையாட்டும் செய்யும் நவீன ஐந்திறப் போட்டியில் குதிரையேற்றத்தை எடுத்துவிட்டு இந்தத் தடைதாண்டலைச் சேர்க்கிறார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் பயிற்சியாளர் ஒருவர் குதிரையை அடித்த பிரச்சினைக்குப் பிறகு வந்த மாற்றம் அது. குதிரை வாங்க எங்கள் பிள்ளைகளால் ஏலாது, கயிற்றில் தொங்க ஏலும். பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டியில் இப்படி ஒன்றை வைக்க நான் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.

புதுக்குடியிருப்பான்:
ரீச்சர், எங்கள் கழக மைதானத்தில் இரண்டு பெரிய வேம்பு நிற்கின்றன. நடுவில் குறுக்குக் கம்பு ஒன்று கட்டிக் கயிறு தொங்கவிட்டால் சரிவருமா? பெடியளைச் சேர்க்கிறேன்.

முல்லைக்கரை:
கட்டுங்கோ தம்பி, ஆனால் கீழே வைக்கோலை இடுப்பளவுக்குக் குவிக்காமல் ஒரு பிள்ளையையும் ஏற்றாதேங்கோ. முதலில் இரண்டு பெரியாக்கள் ஒன்றாகத் தொங்கிப் பாருங்கோ. கயிறு என்னிடம் இருக்கிறது, சனிக்கிழமை கொண்டுவருகிறேன்.