ஹால் டைல்ஸுக்கும் பெட்ரூம் மரத்தரைக்கும் நடுவில் கேப், என்ன பட்டி போடுவது? (அவசரம்)

வேளச்சேரிவாசி:
வணக்கம். பெட்ரூமில் மரத்தரை போட்டோம். ஹாலில் டைல்ஸ். கதவுக்குக் கீழே இரண்டும் சேருகிற இடத்தில் கேப்பை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஆள் போனை எடுப்பதில்லை. ஒரு கடையில் டி பட்டி (ஆங்கில T வடிவம்) என்கிறார்கள், இன்னொரு கடையில் அதெல்லாம் நிற்காது, வேறு வாங்குங்கள் என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் விசேஷம், சொந்தக்காரர்கள் எல்லாம் வருகிறார்கள். எதை வாங்குவது? சீக்கிரம் சொல்லுங்கள்.

தச்சுப்பட்டறை:
கேப் எத்தனை எம்எம்? எந்தப் பக்கம் உயரம், எவ்வளவு உயரம்? மரத்தரை என்றால் அசல் மரமா, லேமினேட்டா, எஸ்பிசியா (கல்பொடி, பிளாஸ்டிக் பலகை)? ஒரு படம் போடுங்கள் சார்.

கொளத்தூர்க்காரன்:
இதற்கு எதற்குப் பட்டி? மரக் கலரில் சிலிகான் ஒரு டியூப் வாங்கி, கன்னில் போட்டு அடித்துவிட்டு, சோப்புத் தண்ணீர் தொட்ட விரலால் ஒரு இழுப்பு. பத்து நிமிட வேலை. எங்கள் வீட்டில் அப்படித்தான், இன்றுவரை ஒன்றும் ஆகவில்லை.

நங்கநல்லூர் மாமி:
கிரானைட் பட்டி ஒன்று வைத்துவிடுங்கள். காலத்துக்கும் நிற்கும். பாத்ரூம் வாசலில் வைக்கிறோமே, அதே மாதிரிதான். அலுமினியப் பட்டி பளபளவென்று ஆபீஸ் மாதிரி இருக்கும், வீட்டுக்கு லட்சணம் இல்லை.

சிவில்சீனியர்:
இந்தக் கேள்வி இங்கே திரும்பத் திரும்ப வருகிறது. தேடிப் பார்க்கும் வழக்கம் யாருக்கும் இல்லை. அளவு சொல்லாமல் பட்டி கேட்பது, மருந்துக் கடையில் போய் ‘எங்கேயோ வலிக்கிறது, ஏதாவது கொடுங்கள்’ என்பது போல.

போகட்டும். முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். அந்த கேப் வேண்டுமென்றே விட்டது. லேமினேட் பலகையின் உள்ளே இருப்பது அழுத்திய மரநார். காற்றில் ஈரம் ஏறினால் விரியும், ஏசி போட்டுக் காய்ந்தால் சுருங்கும். பலகையைத் தரையில் ஒட்டுவதில்லை, ஒன்றோடொன்று பூட்டி மிதக்க விடுகிறார்கள். அதனால் சுவரோரத்திலும் வாசலிலும் 8 முதல் 10 எம்எம் வரை இடம் விட்டே ஆக வேண்டும். சுவரோரத்தில் ஸ்கர்ட்டிங் (சுவரடிப் பட்டி) மறைத்துவிடும். வாசலில் பட்டி மறைக்க வேண்டும். ஆக, கேப் விட்டது சரி. மூடாமல் போனதுதான் அநியாயம்.

வேளச்சேரிவாசி:
சார், லேமினேட்தான், பில்லில் 8 எம்எம் என்று இருக்கிறது. கேப் ஒரு விரல் அளவு. மரம் கொஞ்சம் மேலே இருக்கிறது.

தச்சுப்பட்டறை:
யார் விரல் சார்? என் விரலும் உங்கள் வீட்டம்மா விரலும் ஒன்றா?

ஒரு இரும்பு ஸ்கேலை மரத்தரை மேல் படுக்க வைத்து, டைல்ஸ் பக்கம் நீட்டிக்கொண்டு இருக்கும்படி பிடியுங்கள். ஸ்கேலுக்கு அடியிலிருந்து டைல்ஸ் வரை இன்னொரு ஸ்கேலால் அளந்தால் அதுதான் உயர வித்தியாசம். பழைய தரையைப் பெயர்த்தார்களா, அதன் மேலேயே போட்டார்களா? கதவு எந்தப் பக்கம் திறக்கும்? கதவின் அடியை அறுத்தார்களா? இதெல்லாம் தெரியாமல் யார் பட்டி சொன்னாலும் அது குத்துமதிப்புதான்.

பழைய மொசைக் பிரியன்:
வேளச்சேரியில் மரத்தரையா? 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் அதற்குள் மறந்துவிட்டீர்களா? அடியில் மொசைக் இருந்தால், அதை பாலிஷ் போட்டிருந்தால் பாதிச் செலவு ஆகியிருக்காது. அந்தக் காலத்து மொசைக்கை அசைக்க முடியாது.

வேளச்சேரிவாசி:
மூன்றாவது மாடி சார்.

பழைய மொசைக் பிரியன்:
மூன்றாவது மாடியிலும் ஐப்பசி மழைக்குச் சுவர் வியர்க்கும். எங்கள் வீட்டு பிளைவுட் அலமாரிக் கதவு வருடா வருடம் அந்த மாதத்தில் மட்டும் மூடாது.

கொளத்தூர்க்காரன்:
அவர் கேட்டது கேப் பற்றி. நீங்கள் ஐப்பசி பற்றிப் பேசுகிறீர்கள். மொசைக் குளிரும் சார், வயதானவர்களுக்குக் கால் பிடித்துக்கொள்ளும்.

பழைய மொசைக் பிரியன்:
சென்னையில் தரை குளிருகிறது என்று புகார் சொல்லும் முதல் ஆள் நீங்கள்தான். மே மாதம் வெறும் தரையில் படுத்துப் பாருங்கள், அருமை தெரியும்.

நங்கநல்லூர் மாமி:
இரண்டு பேரும் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். கிரானைட் பற்றி யாரும் பதில் சொல்லவில்லையே?

தச்சுப்பட்டறை:
மாமி, பாத்ரூம் வாசலில் கிரானைட் வைப்பது தண்ணீர் வெளியே வராமல் இருக்க. அங்கே அது சரி. இங்கே வைத்தால் அடியில் ஈரக் கலவை போட வேண்டும், அந்த ஈரம் பக்கத்துப் பலகையின் வெட்டு முனையில் ஏறும். லேமினேட்டுக்கு மேல்பக்கம்தான் கவசம். வெட்டு முனை பஞ்சு, ஊறினால் உப்பும், உப்பினது திரும்ப அமுங்காது. மரத்தரை போடுவதற்கு முன்பே கல்லை வைத்து, காயவிட்டு, கல்லுக்கும் பலகைக்கும் நடுவில் கேப் விட்டிருந்தால் அழகாக இருந்திருக்கும். அப்போதும் அந்தக் கேப்பை மூட ஒன்று வேண்டும். தவிர, படுக்கையறை வாசலில் கல் மேடாக இருந்தால் ராத்திரி எழுந்து போகிறவர்கள் தடுக்கி விழுவார்கள்.

நங்கநல்லூர் மாமி:
எங்கள் மாமியார் 90 வயது வரை நிலைப்படி தாண்டித்தான் நடந்தார், ஒரு நாளும் விழுந்ததில்லை. இப்போதுதான் எல்லோருக்கும் தரை வழவழவென்று ஒரே மட்டமாக வேண்டியிருக்கிறது. வீட்டில் வீல்சேர் இருந்தால் சரி, ஒப்புக்கொள்கிறேன்.

வேளச்சேரிவாசி:
அளந்தேன். கேப் 12 எம்எம். மரம் 10 எம்எம் மேலே. பழைய மொசைக் மேலேயே ஃபோம் போட்டு அதன் மேல் போட்டார்கள். கதவு பெட்ரூம் உள்ளே திறக்கும். கீழே அறுத்துவிட்டார்கள், ஆனால் நிறைய இடம் இல்லை. அம்மா எங்களோடு இருக்கிறார், முட்டி வலி. படம் ஏற மறுக்கிறது.

சிவில்சீனியர்:
இதை முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் இத்தனை பேர் நேரம் மிச்சம். 8 எம்எம் பலகை, 2 எம்எம் ஃபோம், கணக்கு சரியாக வருகிறது.

டி பட்டி மறந்துவிடுங்கள். அது இரண்டு பக்கமும் ஒரே மட்டம் என்றால்தான், மிஞ்சிப் போனால் 2, 3 எம்எம் வித்தியாசம் தாங்கும். 10 எம்எம்மில் ஒரு சிறகு அந்தரத்தில் நிற்கும், மிதித்தால் ஆடும், பிறகு கழன்றுவிடும். இரண்டாவது கடைக்காரர் சொன்னதுதான் உண்மை.

சிலிகானும் கூடாது. மட்டம் ஒன்றாக இருந்து கேப் சின்னதாக இருந்தால் பேசலாம். 10 எம்எம் இறக்கத்தில் அது சரிவாக வழியும், கால்பட்டுப் பிய்யும், கறுப்பாக அழுக்கு பிடிக்கும்.

கொளத்தூர்க்காரன்:
எங்கள் வீட்டில் இரண்டும் ஒரே மட்டம். அதைச் சொல்லவில்லை, சரி.

தச்சுப்பட்டறை:
இப்போது பதில் சொல்லலாம். உங்களுக்கு வேண்டியது ரெட்யூசர். சில கடைகளில் ஸ்லோப் பட்டி என்று கேட்டால்தான் எடுப்பார்கள். ஒரு ஓரம் மரத்தரை மேல் உட்காரும், அங்கிருந்து சரிந்து டைல்ஸில் இறங்கும். எத்தனை எம்எம் உயரம் வரை தாங்கும் என்று கேட்டு வாங்குங்கள், எல்லாம் 10க்கு வராது. அம்மாவுக்காக அகலமானதாகப் பாருங்கள். அகலம் கூடினால் சரிவு மெதுவாக இருக்கும், கால் இடிக்காது. அலுமினியம் உழைக்கும். பிவிசி கலர் நன்றாகப் பொருந்தும், ஆனால் விளிம்பு சீக்கிரம் தேயும்.

மாட்டுவதுதான் முக்கியம். ஸ்க்ரூ எதுவும் மரப்பலகை வழியாக இறங்கக் கூடாது. அடிச்சட்டம் தனியாக வருகிற ரகம் என்றால், சட்டத்தை கேப்புக்குள் மொசைக் மேல் வைத்து, டிரில் போட்டு பிளாஸ்டிக் பிளக் அடித்து ஸ்க்ரூ பண்ணி, மேல்பட்டியை அழுத்தி மாட்ட வேண்டும். டிரில் பண்ணும் முன் வாசலுக்கு அடியில் வயரோ பைப்போ போகிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். ஒட்டுகிற ரகம் என்றால் பசை டைல்ஸ் பக்கம் மட்டும். மரத்தின் மேல் பட்டி சும்மா படுத்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒட்டினால் மழைக்காலத்தில் பலகை நகர இடமில்லாமல் நடுவில் எங்காவது தூக்கிக்கொள்ளும்.

அண்ணாநகர் ராகவி:
அண்ணா, குறுக்கே கேட்கிறேன், மன்னிக்கவும். பால்கனி ஸ்லைடிங் கதவின் தண்டவாளத்துக்குப் பக்கத்திலும் இதே ரெட்யூசரா?

தச்சுப்பட்டறை:
இல்லை தங்கச்சி. அங்கே எண்ட் கேப் (முனை மூடி) போடுவார்கள். பலகையின் முனையை மூடி நேராக இறங்கி நிற்கும், சரிவு இருக்காது. முனைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் அங்கேயும் இடைவெளி விட வேண்டும். மழை அடிக்கிற பால்கனியா?

அண்ணாநகர் ராகவி:
ஆமாம் அண்ணா, சாரல் நன்றாக அடிக்கும்.

தச்சுப்பட்டறை:
அப்படியென்றால் லேமினேட் வேண்டாம், எஸ்பிசி பாருங்கள். அதன் உள்ளே மரநார் கிடையாது, கல்பொடியும் பிளாஸ்டிக்கும்தான், தண்ணீருக்கு உப்பாது. தனியாக ஒரு பதிவு போடுங்கள், இங்கே குழம்பும்.

பழைய மொசைக் பிரியன்:
பிளாஸ்டிக் தரைக்கு வந்துவிட்டோம். நன்று.

பெரம்பூர் எலக்ட்ரிகல்ஸ்:
பெரியமேடு சைடன்ஹாம்ஸ் ரோட்டில் பாருங்கள், பிளைவுட், லேமினேட் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பட்டி முழு நீளமாகத்தான் கொடுப்பார்கள், எட்டடி கிடைத்தால் மூன்றடி வாசல் இரண்டுக்கு வரும். பலகைத் துண்டு ஒன்றைக் கையில் கொண்டு போங்கள், போனில் எடுத்த படத்தை வைத்துக் கலர் பார்த்தால் நிச்சயம் ஏமாறுவீர்கள். ஞாயிறு நிறைய கடை மூடியிருக்கும், சனிக்கிழமையே போய்விடுங்கள்.

சிவில்சீனியர்:
ஒன்று விட்டுப்போனது. பட்டியின் தடிமன் மரத்தரைக்கு மேல் சில எம்எம் ஏறும். கதவை மூடி, அடியில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். நிலைக்கு உள் அகலத்தை அளந்து, ஒரு எம்எம் குறைத்து வெட்டச் சொல்லுங்கள். அலுமினியத்துக்குப் பொடிப்பல் பிளேடு.

வேளச்சேரிவாசி:
ரெட்யூசர் கிடைத்தது, பக்கத்துத் தெரு கார்பென்டர் வந்து மாட்டிவிட்டார். கதவு லேசாக உரசியது, கழற்றி இழைத்தார். அம்மாவுக்குத் தொந்தரவு இல்லை. எல்லோருக்கும் நன்றி, விருந்தாளிகள் வந்துவிட்டார்கள்.

கொளத்தூர்க்காரன்:
ஸ்க்ரூ ரகமா, ஒட்டுகிற ரகமா? எந்தக் கடை, அடி என்ன விலை?

நங்கநல்லூர் மாமி:
படமும் போடுங்கள், கலர் எப்படிப் பொருந்தியிருக்கிறது என்று பார்க்கிறேன்.

கொளத்தூர்க்காரன்:
சார்? விலையாவது சொல்லிவிட்டுப் போங்கள்.